கைக்கடிகாரத்தைக் காப்பது கஞ்சத்தனமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சென்ற ஆண்டு விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில், அறைத்தோழன் ஒருவன் என் இடக்கையைப் பார்த்துச் சிரித்தான். "இதற்கு இன்னுமா சாவி கொடுத்துக்கொண்டிருக்கிறாய்? இதைப் பழுது பார்க்கிற காசில் புதிதாக இரண்டு வாங்கலாமே! மனிதனுக்கு இவ்வளவு கஞ்சத்தனம் ஆகாது" என்றான். நான் பதில் பேசவில்லை. மறுநாள் முதல் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்று ஆண்டு மலரின் வாயிலாகச் சொல்லத் துணிகிறேன். நண்பர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டும்; ஆசிரியப் பெருமக்கள் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

என் கையில் இருப்பது எச்.எம்.டி. நிறுவனத்தின் 'ஜனதா' கடிகாரம். அதை வாங்கியவர் என் தாத்தா. சேலம் மாவட்டத்தில் மழையை நம்பிய மேட்டுக்காட்டு ஊர் எங்களுடையது. பங்காளிகள் நால்வருக்கும் சேர்த்து ஒரே கிணறு. மோட்டாருக்கு மின்சாரம் வரும் நேரத்தை நான்கு வீட்டாரும் முறை வைத்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பகலில் தம் நிழலைத் தம் காலடியால் அளந்து முறை மாற்றுவார்களாம். இரவில் விண்மீன்களைப் பார்த்து மாற்றுவார்களாம். மேகம் மூடிய இரவென்றால் வாய்ச்சண்டை. சில நேரம் மண்வெட்டிச் சண்டை. இதற்கு முடிவு கட்டத்தான் 1979 ஆம் ஆண்டு, நிலக்கடலை விற்ற பணத்தில் தாத்தா சேலத்துக்குப் போய் இதை வாங்கி வந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் படிப்பு என்ற ஒன்று முதன்முதலில் நுழைந்தது இந்தக் கடிகாரத்தின் வழியாகத்தான் என்று நான் சொல்வதுண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த அன்று, தம் கையிலிருந்து கழற்றி என் கையில் கட்டிவிட்டு, "இனிமே உன் முறை" என்றார். குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்.

இவ்வளவு பெருமைக்குரிய பொருளை ஏன் சட்டைக் கைக்குள் ஒளித்தேன்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எல்லாமே பழுது பார்த்தவைதான். செருப்பு தைத்தது, குடை கம்பி மாற்றியது, குடம் ஈயம் பூசியது. பழுது பார்ப்பது என்றால் என் மனத்தில் வறுமை என்றே பொருள். படித்து ஒரு வேலைக்குப் போய்விட்டால் எதையும் பழுது பார்க்கத் தேவையில்லை. கெட்டால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாம். அதுவே முன்னேற்றம் என்று எண்ணியிருந்தேன். என்னைப்போல் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு தேர்வில் மதிப்பெண் இழந்துதான் கற்றேன்.

காந்தம் கற்பித்த பாடம்

இந்த ஆண்டு ஒரு நாள் காலை, ஆய்வகத்தில் விலகு காந்தமானிச் சோதனை. அருகில் இரும்புப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது, ஊசியின் நிலை மாறும் என்று சொல்லித் தருவார்கள் அல்லவா? நான் மிகவும் ஒழுங்காகக் கடிகாரத்தைக் கழற்றினேன். கழற்றி எங்கே வைத்தேன் தெரியுமா? சட்டக் காந்தங்கள் இருந்த பெட்டியின் மேல்! காந்தமானியைக் காப்பாற்றினேன்; கடிகாரத்தைக் காவு கொடுத்தேன். பகல் ஒரு மணிக்கு அதை எடுத்துக் கட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு. பாடம், மின்னியலும் காந்தவியலும். தேர்வு அறைச் சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. அது பல மாதங்களாக நான்கு பத்திலேயே நின்றிருந்தது. கைப்பேசிக்கு அனுமதி கிடையாது. ஆகவே என் கையை நம்பினேன். மணி அடித்தபோது என் கடிகாரம் ஐந்தாறு நிமிடம் முந்தியிருந்தது. 'கல்லூரி மணிதான் பிந்தியிருக்கும்' என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், தவறு நம்முடையதாக இருக்கும் என்று மட்டும் நமக்குத் தோன்றுவதே இல்லை! ஒன்றரை மணி நேரத் தேர்வு. என் முட்கள் மூன்றரையைத் தொட்டன. பதற்றத்துடன் கடைசி விடையைப் பாதியில் நிறுத்தித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். மணி அடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பாதியில் விட்ட கேள்வி எது என்று கேட்டால் கதை கட்டுகிறேன் என்பீர்கள். காந்தத் தயக்கம் பற்றி விவரி என்பதுதான் அது.

அன்று மாலையே பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் ஒரு கடிகாரக் கடைக்குப் போனேன். கடை என்பதைவிட, கண்ணாடி போட்ட ஒரு பெட்டி என்பதே பொருந்தும். அதன் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர். கடிகாரத்தை வாங்கினார், திறக்கவில்லை. ஒரு சிறிய திசைகாட்டியை எடுத்து அதன் மேல் வைத்தார். ஊசி நடுங்கியது.

"தம்பி, காந்தத்துக்குப் பக்கத்துல வெச்சீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆமாங்க ஐயா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஓடுதே, ஊசி ஆடுதே, பாக்கலையா? படிக்கிற புள்ள தானே நீங்க?"

பின்மூடியைத் திறந்து, கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள்வில், சக்கரத்தோடு சேர்ந்து இப்படியும் அப்படியும் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. ஹேர் ஸ்பிரிங் என்பது அதுதான். அதன் வளையங்களில் இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. "ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங் குட்டையாயிடுது தம்பி. குட்டையானா வேகமா ஆடும்" என்றார்.

முதலாண்டில் முறுக்கு ஊசல் சோதனை செய்திருக்கிறோம். கம்பியின் நீளம் குறைந்தால் முறுக்கு விசை மிகும், அலைவு நேரம் குறையும் என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் வாங்கியிருக்கிறேன். அந்த விதி என் மணிக்கட்டிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. வாய்பாடு எதுவும் எழுதாத பெரியவருக்குத் தெரிந்தது.

அடுத்து அவர் ஒரு கம்பிச்சுருளை மின்சாரத்தில் இணைத்தார். கடிகாரத்தை அதனுள் வைத்து, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்ல, மிக மெல்ல, கை நீளும் தூரம் வரை விலக்கி எடுத்தார். பிறகே விசையை அணைத்தார். "வெடுக்குனு எடுத்தா காந்தம் போகாது. உள்ள இருக்கும்போதே அணைச்சாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமா மறக்க வெக்கணும்" என்றார். வீட்டு மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதாவது காந்தப்புலத்தின் திசை நொடிக்கு 100 முறை மாறுகிறது. பொருளை விலக்க விலக்கப் புலம் குறைகிறது. நாம் தாளில் வரையும் தயக்க வளையம் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் ஒரு புள்ளியாகி மறைகிறது. அன்று பிற்பகல் நான் பாதியில் விட்ட விடையின் மீதிப் பாதி இதுதான்! அதை எனக்குச் சொல்லித் தந்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

ஒரு சிறு பெட்டிக்குள் எத்தனை மூளைகள்!

அன்றிலிருந்து என் கடிகாரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தொடங்கினேன். நூலகத்திலும் பெரியவரின் பெட்டிக்கடையிலும் நான் அறிந்தவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்தக் கடிகாரம் நொடிக்கு ஐந்து முறை துடிக்கிறது. மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000. ஓராண்டுக்குப் பதினைந்தே முக்கால் கோடித் துடிப்புக்கு மேல். நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிழை காட்டினால் 'ஓடாத கடிகாரம்' என்று வைகிறோம். கணக்குப் பார்த்தால் அது 1,440 இல் ஒரு பங்கு, நூற்றுக்கு 0.07 தான். நம் ஆய்வகத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு நூற்றுக்கு ஐந்து பிழையோடு வந்தாலே நாம் மகிழ்ச்சியோடு தேநீர் குடிக்கப் போகிறோம் அல்லவா?

சுருள்வில்லோடு சேர்ந்தாடும் சக்கரத்தைக் கடிகாரத்துக்குள் புகுத்தியவர், ஒளியின் அலைக் கொள்கையில் நாம் படிக்கும் அதே ஹைகென்ஸ். ஆண்டு 1675. வெப்பத்தில் சுருள்வில் தளர்ந்து கடிகாரம் பிந்தும் என்ற குறை நெடுநாள் இருந்தது. வெப்பத்தால் நீளமோ விறைப்போ எளிதில் மாறாத நிக்கல் எஃகு உலோகக் கலவைகளை ஆராய்ந்து, அதற்கு வழி கண்டவர் சுவிட்சர்லாந்தின் கியோம். கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்த அவருக்கு அந்த ஆராய்ச்சிக்காக 1920 ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 17 ஜூவல் என்று சொல்கிறார்களே, அவை அலங்காரக் கற்கள் அல்ல. சக்கர அச்சுகள் தேயாமல் சுழலவும், துடிக்கும் உறுப்புகள் உரசித் தேயாமல் இருக்கவும் வைத்த செயற்கை மாணிக்கங்கள். அலுமினியம் ஆக்சைடைத் தீச்சுவாலையில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையைப் பிரான்சின் வெர்னுய் 1902 இல் வெளியிட்டார். அதனாலேயே ஏழையின் கடிகாரத்திலும் மாணிக்கம் ஏறியது.

நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் 1961 இல் கைக்கடிகாரத் தொழிலைத் தொடங்கியது. உழவரும் ஆசிரியரும் எழுத்தரும் அதைக் கட்டினார்கள். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் படிகத்தின் முன் நொடிக்கு ஐந்து துடிப்பு எந்த மூலை? நம் மாநிலத்திலேயே டிட்கோவும் டாட்டா குழுமமும் சேர்ந்து 1984 இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட நடுவண் அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. ஆகவே இனி என் கடிகாரத்தின் ஓர் உறுப்பு உடைந்தால், ஓடாமல் நின்றுபோன இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்துதான் பெரும்பாலும் எடுத்துப் போட வேண்டும். பெரியவர் ஒரு தகர டப்பாவில் அப்படிப்பட்ட உறுப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

காக்கும் முறை

கடிகாரத்தைக் காப்பதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டாம், கவனம் வேண்டும். சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். முழுச் சாவியில் ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓடும் என்றாலும், வில் தளரத் தளரத் துடிப்பின் வீச்சு குறையும், நேரமும் மாறும். கையிலிருந்து கழற்றிய பிறகே சாவி கொடுக்க வேண்டும். கையில் கட்டியபடியே திருகினால் மெல்லிய தண்டு பக்கவாட்டில் வளைகிறது. திருகு இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் ஒரு சுற்று' என்ற பேராசை வில்லையோ அதன் பிடிப்பையோ உடைக்கும். தேதி காட்டும் கடிகாரமாக இருந்தால் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் இடையில் தேதியைத் திருகி மாற்றாமல் இருப்பது நல்லது. அந்நேரம் தேதியை மாற்றும் பற்கள் தாமே பிணைந்திருக்கும்.

நம் ஊர் வெயிலில் கடிகாரத்தின் முதல் பகைவன் வியர்வைதான். அதிலுள்ள உப்பு பின்மூடியின் ஓரத்தை அரிக்கிறது. இரவில் கழற்றி மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தோல் வாரை ஈரத்தோடு பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. பழைய கடிகாரங்களின் மேல்மூடி பெரும்பாலும் கண்ணாடி அன்று, நெகிழி. அதில் விழும் சிறு கீறலைப் பற்பசை தொட்ட துணியால் தேய்த்தே போக்கலாம். உள்ளே ஆவி படிந்தால் அரிசிப் பானையில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், அன்றே திறந்து காட்ட வேண்டும். துரு ஓர் இரவு போதும் என்று காத்திருக்கும்.

'30 மீட்டர்' என்று பொறித்திருப்பதைப் பார்த்துக் கிணற்றில் குதிப்பவர்கள் உண்டு. சென்ற கோடையில் எங்கள் ஊரிலேயே ஒருவன் குதித்தான். அது நிலையான அழுத்தத்தில் செய்யும் சோதனையின் அளவு. கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் தூறலையும் தாங்கும் என்பதே அதன் பொருள்; நீந்தலாம் என்பது அன்று. குவார்ட்ஸ் கடிகாரம் கட்டியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நின்ற பிறகும் பழைய செல்லை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். அது கசிந்தால் கடிகாரத்தையே தின்றுவிடும்.

மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். எண்ணெய் என்றால் கடிகாரத்துக்கென்றே உள்ள எண்ணெய். ஊசிமுனையில் தொட்டு வைக்கும் அளவு. எங்கள் சித்தப்பா ஒருமுறை நல்லெண்ணத்தோடு தேங்காய் எண்ணெய் விட்டாராம். 24 பாகைக்குக் கீழே உறைகின்ற எண்ணெய் அது. மார்கழி பிறந்ததும் கடிகாரம் பொங்கல் வரை தூங்கிவிட்டது! கடைசியாக, காந்தம். ஒலிபெருக்கி, காந்தப் பூட்டு வைத்த கைப்பேசி உறை, கைப்பை ஆகியவற்றின் அருகே கடிகாரத்தை வைக்காதீர்கள். என் கதை உங்களுக்கு வேண்டாம்.

மறுப்புகளுக்கு மறுமொழி

இனி என் அறைத்தோழனின் வாதத்துக்கு வருகிறேன். கைப்பேசி இருக்கும்போது கைக்கடிகாரம் எதற்கு என்பது ஒன்று. தேர்வறையில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டு அதை முடித்துவிடலாம். ஆனால் இன்னொரு வாதம் வலிமையுள்ளது. 150 ரூபாய்க்கு நடைபாதையில் கிடைக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் என் ஜனதாவைவிடச் சரியான நேரம் காட்டுகிறது. இதை மறுப்பதற்கில்லை. நல்ல நிலையில் உள்ள குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு மாதத்தில் செய்யும் பிழையை என் கடிகாரம் ஒரே நாளில் செய்துவிடும். பெரியவர் பிரித்துத் துடைத்து எண்ணெய் விட்டதற்கு நான் கொடுத்தது 350 ரூபாய். நடைபாதைக் கடிகாரம் இரண்டு வாங்கி, மீதிக் காசில் இரண்டு வேளைச் சிற்றுண்டியும் முடித்திருக்கலாம். எல்லோரும் சாவிக் கடிகாரத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அறிவியல் மாணவனுக்கு அழகுமன்று.

நான் சொல்வது வேறு. நடைபாதைக் கடிகாரத்தை வாங்கப் பணம் மட்டும் போதும். எந்தக் கடிகாரமானாலும் அதைக் காப்பதற்கு அறிவு வேண்டும். எது எதனால் இயங்குகிறது, எது எதனைக் கெடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவைப் பெறத்தானே நாம் கல்லூரிக்கு வந்திருக்கிறோம்? பட்டம் வாங்கிய பிறகு நம்மால் செய்ய முடிந்தது தூக்கி எறிவதும் புதிது வாங்குவதும் மட்டுமே என்றால், நாம் பெற்றது கல்வி அன்று; செலவு செய்யும் உரிமை. பழுது பார்ப்பது வறுமையின் அடையாளம் என்று நான் எண்ணியது எவ்வளவு பேதைமை! என் வீட்டார் செருப்பையும் குடையையும் காத்தது காசில்லாமையால்தான். அதை இல்லை என்று நான் மறைக்கவில்லை. ஆனால் காசில்லாத அந்தக் கைகளில் ஒரு கல்வி இருந்தது. காசு வந்ததும் அதையும் சேர்த்துத் தூக்கி எறிய வேண்டுமா என்பதே என் கேள்வி.

பெரியவரிடம் ஒருநாள், "உங்களிடம் யாராவது தொழில் கற்கிறார்களா ஐயா?" என்று கேட்டேன். சிரித்தார். "பையன் கம்பெனி வேலைக்குப் போறான். நான்தான் போகச் சொன்னேன். இதுல என்ன வருமானம் இருக்கு? ஒரு நாளைக்கு நாலு பேர் வந்தா மூணு பேர் செல் மாத்தத்தான் வர்றாங்க" என்றார். அதில் குறை காண எனக்கு என்ன உரிமை இருக்கிறது? என்னையும் என் வீட்டார் காட்டு வேலை வேண்டாம் என்றுதானே இங்கே அனுப்பியிருக்கிறார்கள்! ஆனால் அந்தப் பெட்டிக்கடை மூடப்படும் நாளில், பேருந்து நிலையச் சந்தில் ஒரு கடை மட்டுமா மூடும்? ஐம்பது ஆண்டு விரல்களில் சேர்ந்த இயற்பியல் ஒன்றும் சேர்ந்தே மூடும். அதை எந்தப் பதிவேட்டிலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

தாத்தா சொன்னது

தேர்வில் நடந்ததைத் தாத்தாவிடம் மறைத்திருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் தொலைபேசியில் அவர் முதலில் கேட்பது, "சாவி குடுத்தியா?" என்பதுதான். "குடுத்தேன் தாத்தா" என்பேன். தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. கடிகாரத்தை வாங்கி முகத்தைப் பார்க்கவில்லை. காதில் வைத்துக் கேட்டார். பிறகு, தாம் யாரிடமும் சொல்லாத ஒன்றை எனக்குச் சொன்னார்.

கடிகாரம் வாங்கிய மறு ஆண்டு. ஒருநாள் சாவி கொடுக்க மறந்துவிட்டார். அன்று இரவு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது கடிகாரம் நின்றுவிட்டது. இருட்டில் அதைக் கவனிக்கவில்லை. தம் முறை முடிந்தும் அரை மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் அவர் வயலுக்கே பாய்ந்தது. அடுத்த முறைக்காரர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. "அண்ணன் கையில கடிகாரம் இருக்குது, தப்பு வராது" என்று நம்பி அந்தத் தம்பி வரப்பில் படுத்திருந்தாராம். மின்சாரம் போன பிறகுதான் கணக்குத் தப்பியது தாத்தாவுக்குப் புரிந்தது. அடுத்த முறை வந்தபோது, காரணம் எதுவும் சொல்லாமல், தம் நேரத்தில் அரை மணி நேரத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பின் ஒருநாளும் சாவி கொடுக்க மறக்கவில்லை.

"கடிகாரம் நின்னா நேரமா நிக்கும்? அடுத்தவன் வயலுக்குப் போற தண்ணிதான்டா நிக்கும்" என்றார்.

நான் கடிகாரத்தைக் காப்பது என் பொருளைக் காப்பது என்று மட்டுமே எண்ணியிருந்தேன். தாத்தாவுக்கு அது அடுத்தவர் பங்கைக் காப்பதாகவும் இருந்திருக்கிறது. இதற்குப் பிறகும் அதைக் கஞ்சத்தனம் என்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு?

என் வேண்டுகோள்

கருத்துச் சொல்வது எளிது; ஏதாவது செய்தும் காட்ட வேண்டும் அல்லவா? விடுமுறை முடிந்து வந்ததும், துறைத்தலைவர் அவர்களிடம் இசைவு பெற்று, நண்பர்கள் இருவரும் நானும் அந்தத் தேர்வு அறைச் சுவர்க்கடிகாரத்தை இறக்கினோம். உள்ளே செல் கசிந்து தகடு பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துப் புதுச் செல் போட்டோம். செலவு இருபது ரூபாய். நேரம் அரை மணி. பல மாதங்களாக நான்கு பத்தில் நின்ற முள் நகர்ந்தது. அந்த அறையில் தேர்வெழுதிய எத்தனையோ பேர் இந்த இருபது ரூபாய்க்காகத் தவித்திருப்பார்கள்! நானும் ஒருவன். அத்தனை நாளும் அதன் கீழே உட்கார்ந்திருந்தோமே, எங்களில் ஒருவருக்கும் அதை இறக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் வெட்கம்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வொரு வகுப்பும் தன் அறையின் கடிகாரத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். கல்லூரி அலுவலகம் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டாவதாக, நம் இயற்பியல் மன்றம் ஆண்டுதோறும் அறிஞர்களை அழைத்துச் சொற்பொழிவு நடத்துகிறது. வரும் ஆண்டில் ஒரு பிற்பகல், பேருந்து நிலையச் சந்தின் பெரியவரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அவருடைய கம்பிச்சுருளோடும் திசைகாட்டியோடும் ஆய்வக மேசையில் உட்கார வைக்க வேண்டும். முறுக்கு ஊசலையும் காந்தத் தயக்கத்தையும் அவர் செய்து காட்டட்டும். வாய்பாட்டை நாம் கரும்பலகையில் எழுதுவோம். இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க இடமிருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டேன். "எனக்குப் பேச வராது தம்பி, வேணும்னா பிரிச்சுக் காட்டறேன்" என்றிருக்கிறார். நமக்கு அது போதும்.

என் அறைத்தோழனுக்கு ஒரு செய்தி. சென்ற வாரம் அவனுடைய கடிகாரம் நின்றுவிட்டது. தூக்கி எறியப் போனான். வாங்கிப் பின்மூடியைத் திறந்து செல் மாற்றிக் கொடுத்தேன். இப்போது ஓடுகிறது. கஞ்சன் என்ற பட்டத்தை அவன் இன்னும் திரும்பப் பெறவில்லை. எனக்கும் அதில் வருத்தமில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து, கடிகாரத்தைக் கழற்றி, திருகு இறுகும் வரை சாவி கொடுத்து, காதில் வைத்து ஒருமுறை கேட்டுவிட்டுக் கட்டிக்கொள்கிறேன். சட்டைக் கையை இப்போது முழங்கை வரை மடித்துவிட்டுக்கொள்கிறேன்.